வங்கி அச்சடித்த உறைகள்

"எப்படி ஆரம்பித்தது?" என்று கேட்டார்
கடன் ஆலோசனை நிலையத்துத் திருவாட்டி ஹமீதா.
சொல்லிக்கொள்ள எங்களிடம்
ஒரு நோய்கூட இருக்கவில்லை.
வேலை போகவில்லை. வீடு எரியவில்லை.
மழை நாளில் டாக்சி,
ரித்திகாவுக்குக் கணக்கு டியூஷன்,
பாத்தாமில் மூன்று நாள்,
தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால்
மாதம் இருபத்தொன்பது வெள்ளிதான் என்று வந்த சோபா.
ஒவ்வொன்றும் சின்னது.
கறையானும் சின்னது.

அதற்கு முந்தைய இரவு
உட்லண்ட்ஸ் பதினோராம் மாடியில்
அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு
ஒளித்துவைத்த அட்டைகளை வெளியே எடுத்தோம்.
ஜெகதீசன் காலணிப் பெட்டியிலிருந்து இரண்டு,
நான் ஸ்டிக்கர் பொட்டுகளுக்கு அடியிலிருந்து ஒன்று.
பத்தொன்பது ஆண்டில்
உடம்பைக் காட்டக் கூசியதில்லை;
இந்தத் தாள்களைக் காட்டும்போது
விளக்கை அணைக்கலாமா என்றிருந்தது.

கைப்பேசியில் அவர் கூட்டினார்.
நான் மறுபடி கூட்டினேன்.
நாற்பத்து மூவாயிரத்து அறுநூற்றுப் பத்து.
குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால்
முடிய இருபத்தொரு ஆண்டு ஆகுமென்று
பில்லின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.
அதை வாசிக்கத்தான் மூக்குக்கண்ணாடி;
அதையும் அட்டையில்தான் வாங்கியிருந்தேன்.

மூன்று மாத ரசீதுகளைக் கொண்டுவரச் சொன்னார் ஹமீதா.
பாதிக்குமேல் வெறும் வெள்ளைத் தாள்,
வெக்கையில் மை பறந்துவிட்டது.
என்ன வாங்கினோம் என்பது மறைந்துபோக
விலை மட்டும் வங்கியில் பத்திரமாக இருந்தது.

உறைகள் யோசனை என்னுடையது.
சீனப் புத்தாண்டுக்கு வங்கி கொடுத்த சிவப்பு உறைகள்,
மூலையில் பொன்னெழுத்தில் அதன் பெயர்.
அதன் கடனை அடைக்க
அதன் உறையிலேயே காசு பிரித்தேன்.
அரிசி மீன், பஸ், கரண்ட்டு என்று
பேனாவால் எழுதினேன்.
பெருநாளுக்கு வந்த பச்சை உறை ரித்திகாவுக்கு.
இறாலுக்கு உறை இல்லை.

அப்புறம் நடந்தவை வரிசையில் நினைவில்லை.
ஏர்கான் ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டோம்.
இரவு ஒன்பதரைக்குமேல் பாதி விலை ரொட்டி.
கொழுந்தன் மகள் கல்யாணத்தில்
முப்பது வெள்ளியை வைத்து மூடி
எங்கள் பெயரைப் பொடியாக எழுதினேன்;
பொடி எழுத்து, வங்கியிடம் கற்றது.

சனிக்கிழமை நாலு நம்பர் கடையைத் தாண்டும்போது
கோயிலைக் கடப்பவர்போல
அவர் கால் தானாக மெதுவாகும்.
நான் அவசரமாக ஏதாவது பேசுவேன்,
மழையைப் பற்றி, பழுதான மின்தூக்கியைப் பற்றி.

பதினான்காம் மாதம் வாஷிங் மெஷின் நின்றது.
அன்று நாங்கள் போட்ட சண்டையில்
எதிர்வீட்டு திரு. கோ
தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.
வளையல் இரண்டும் அடகுக்குப் போயின.
ஒன்று திரும்பியது.

கடைசித் தவணையை
ஒரு செவ்வாய்க்கிழமை, பேருந்தில் நின்றபடி
கட்டைவிரலால் கட்டினேன்.
பச்சையில் ஒரு சரி அடையாளம்.
நாலு வருஷம் ஏழு மாதம், அவ்வளவுதான்.
இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது.
அடுத்ததில் இறங்கி
வெயிலில் திரும்பி நடந்தேன்.

சனவரியில் வங்கி மறுபடி உறைகள் கொடுத்தது,
இந்த ஆண்டு ரோஜா நிறம்.
அதே வாரம் தபாலில் ஒரு கடிதம்:
எங்களுக்காக இருபதாயிரம் தயாராக இருக்கிறதாம்.
அதன் பின்பக்கத்தில்
ரித்திகா கணக்குப் போட்டுப் பார்த்தாள்.
நான் ஓர் உறையை எடுத்து
இறால் என்று எழுதினேன்.

"எவ்வளவு?" என்றார்.
"பதினைந்து வெள்ளி."
"வாரத்துக்கா?"
பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தேன்.
"மாதத்துக்கு."